பிரம்பு போன பிறகு

ஆறு அடி. அதுவும் உள்ளங்கையில் மட்டும். அடிப்பவர் தலைமையாசிரியராக இருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் கண்முன்னால் அடிக்க வேண்டும். வேண்டுமென்றே பொய் சொன்னால், ஆபாசமாகப் பேசினாலோ நடந்தாலோ, சொல்பேச்சு கேட்காமல் எதிர்த்து நின்றால் மட்டும்தான் அந்த அடி. சென்னை மாகாணக் கல்வி விதிகளில் 51ஆம் விதி இப்படி இருந்தது. வெள்ளைக்காரர்கள் போனார்கள், மாகாணம் தமிழ்நாடு ஆனது, விதி மட்டும் 2003 வரை அப்படியே இருந்தது.

தஞ்சாவூர் மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் கணக்கு டீச்சராகச் சேர்ந்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள் நான். இந்த விதியைத் துறைத் தேர்வுக்குப் படிக்கும்போதுதான் முதன்முதலில் பார்த்தேன். படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். நான் பார்த்த எந்தப் பள்ளிக்கூடத்திலும் அடி ஆறோடு நின்றதில்லை, உள்ளங்கையோடும் நின்றதில்லை. விரல்களைக் குவித்து நீட்டச் சொல்லி நுனியில் ஸ்கேலால் அடிப்பார்கள். கணுக்காலில் விழும். காதைத் திருகும்போது சின்னக் கம்மல் போட்ட பிள்ளைகளுக்கு ரத்தம் வரும். எதற்கும் தலைமையாசிரியர் பக்கத்தில் இருந்ததில்லை. விதி காகிதத்தில் இருந்தது. பிரம்பு அலமாரி மேல் இருந்தது.

பெற்றோரும் சும்மா இருக்கவில்லை. பிள்ளையைச் சேர்க்க வரும்போதே, "கண்ணு ரெண்ட மட்டும் விட்டுட்டு தோல உரிச்சிடுங்க டீச்சர்" என்பார்கள். அடியாத மாடு படியாது என்று நம்பிய ஊர் இது. அவர்கள் கொடூரமானவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வயலில் நாள் முழுக்கக் குனிந்து வேலை பார்த்த அந்த மனிதர்கள், தங்கள் பிள்ளையாவது நிழலில் உட்கார்ந்து சம்பாதிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். அதற்குப் படிப்பு வேண்டும், படிப்புக்கு அடி வேண்டும் என்பது அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட கணக்கு.

அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தேடினால் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் போய் நிற்கும். என் அம்மாவைப் பெற்ற தாத்தா பாபநாசம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அப்படிப்பட்ட பள்ளியில் படித்தவர். விடியுமுன் எழுந்து ஓடுவாராம். முதலில் வருகிறவனுக்குப் பிரம்பால் உள்ளங்கையில் ஒரு தடவல். அடுத்து வருகிறவனுக்கு ஓர் அடி, அதற்கடுத்தவனுக்கு இரண்டு. கடைசிப் பையனின் கை வீங்கிவிடும். பெரிய குற்றத்துக்குக் கோதண்டம். விட்டத்திலிருந்து தொங்கும் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கால் தரையில் படாமல் பையன் தொங்க வேண்டும். கை வலித்துக் கயிற்றை விட்டால் கீழே பிரம்போடு வாத்தியார் நிற்பார். தாத்தா இதைச் சொல்லும்போது சுற்றி இருக்கும் எல்லோரும் சிரிப்பார்கள். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

வாத்தியாரைவிட அவர் அதிகம் பயந்தது சட்டாம்பிள்ளைக்கு. வாத்தியார் சாப்பிடப் போவார், களத்துமேட்டுக்குப் போவார். அப்போது பள்ளிக்கூடம் சட்டாம்பிள்ளை கையில். பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பையன். அவனுக்கு மாங்காயோ வெல்லக்கட்டியோ கொண்டுவந்து கொடுக்கிறவன் பெயர் புகாரில் வராது. கொடுக்காதவன் பேசினான், எச்சில் துப்பினான், ஓலையைக் கிழித்தான் என்று வரும். தாத்தா வீட்டுப் பானையிலிருந்து புளி எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்திருக்கிறார். பிள்ளையைப் பிள்ளையே மிரட்டுவது இன்றைக்குப் புதிதாக முளைத்தது என்று சொல்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். நம் பழைய பள்ளிக்கூடத்தில் மிரட்டலுக்கென்று ஒரு பதவியே இருந்தது.

திண்ணைப் பள்ளி முறையின் ஒரு பகுதி கடல் தாண்டியும் போனது. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், 1789இல் சென்னை எழும்பூரில் இருந்த படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை நடத்தப் பொறுப்பேற்றார். திண்ணைப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்து, அதைத் தம் பள்ளியிலும் செய்யச் சொன்னார். அவருடைய உதவி ஆசிரியர்கள் மறுத்துவிட்டார்கள். எட்டு வயதுப் பையன் ஒருவனைச் சின்னப் பிள்ளைகளுக்கு ஆசிரியராக உட்கார வைத்தார் பெல். அது நடந்தது. 1797இல் லண்டனில் இதைப் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது.

பெல் செய்த இன்னொரு காரியத்தைப் பற்றி இங்கே யாரும் அதிகம் பேசுவதில்லை. தவறுகளை எழுத அவர் ஒரு கறுப்புப் புத்தகம் வைத்திருந்தார். வாரத்துக்கு ஒருமுறை எல்லோர் முன்னாலும் அதைத் திறந்து, மாணவர்களையே நடுவர் குழுவாக உட்கார வைத்து விசாரிப்பார்கள். குற்றம் சாட்டப்பட்ட பையனுக்கும் பேச வாய்ப்பு இருந்தது. தண்டனையே தேவைப்படாமல் மாதக்கணக்கில் ஓடியது என்று பெல் எழுதினார். அவர் தம் முறையைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனாலும், ஒரு பிள்ளை மீது இன்னொரு பிள்ளைக்கு அதிகாரம் கொடுத்தால் அதைக் கேள்வி கேட்க ஓர் இடமும் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. சட்டாம்பிள்ளையை வகுப்புத் தலைவன் என்று பெயர் மாற்றி வைத்துக்கொண்ட நம் பள்ளிகள் அந்த இடத்தை வைத்துக்கொள்ளவில்லை. டீச்சர் வெளியே போனதும் கரும்பலகையில் பேசியவர் பெயர் எழுதும் பழக்கம் நான் படித்த காலத்தில் இருந்தது, நான் சொல்லிக்கொடுத்த காலத்திலும் இருந்தது. கைகட்டி வாய்மூடி உட்கார்ந்திருந்தவன் பெயரும் அதில் இருக்கும். அவன் போன வாரம் ரப்பர் கொடுக்க மறுத்திருப்பான்.

1822இல் சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ மாகாணம் முழுக்கப் பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826இல் தொகுத்தபோது 12,498 பள்ளிகள். எத்தனை பிள்ளைகள், ஆண் எத்தனை, பெண் எத்தனை, எந்தெந்தச் சாதி என்று படிவத்தில் கட்டங்கள் இருந்தன. அந்தச் சாதிக் கட்டம் பள்ளிக்கூடத்தைவிட்டுப் போகவே இல்லை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

1860இன் இந்தியத் தண்டனைச் சட்டம் வந்தது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் நன்மைக்காக, காப்பாளரின் சம்மதத்தோடு, நல்லெண்ணத்தில் செய்யும் செயல் குற்றமாகாது என்று 89ஆம் பிரிவு சொன்னது. ஆசிரியரின் அடி நீதிமன்றத்துக்குப் போன இடங்களில் இந்தப் பிரிவு கேடயமாகப் பயன்பட்டது. பள்ளியில் சேர்த்தாலே சம்மதம் கொடுத்ததாக எடுத்துக்கொண்டார்கள். பிள்ளையின் சம்மதத்தைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

நூறு ஆண்டுகளுக்கு மேல் அப்படியே போயிற்று. அதை அசைத்தவை சாவுகள்.

1996 நவம்பரில் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவரால் கொலை செய்யப்பட்டார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தராக இருந்தவரின் மகன். மறு ஆண்டே தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. கேலி, திட்டு, அவமானப்படுத்துதல், மனத்துக்குத் தீங்கு செய்தல் எல்லாம் அதில் அடங்கும். இரண்டு ஆண்டு வரை சிறை. கல்லூரிக்கான சட்டம் என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டோம். கல்வி நிறுவனம் என்றுதான் அது பேசுகிறது. ஆறாம் வகுப்புப் பையனை எட்டாம் வகுப்புப் பையன் கழிவறைக்குள் தள்ளிப் பூட்டுவதற்கு என்ன பெயர் வைப்பது என்று எந்தப் பயிற்சி வகுப்பிலும் எங்களுக்குச் சொன்னதில்லை.

2000 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், டெல்லிப் பள்ளி விதிகளில் இருந்த அடியை ரத்து செய்தது. இங்கே 2002இல் சென்னையில் ஒரு மாணவன் ஆசிரியரிடம் அடிபட்ட பிறகு உயிரை விட்டான். பெற்றோர் விடவில்லை, வழக்குக்குப் போனார்கள். 2003 ஜூனில் 51ஆம் விதி திருத்தப்பட்டது. பிள்ளைக்கு உடல் வலியோ மன வலியோ தரக் கூடாது, தவறைத் திருத்திக்கொள்ள வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று புது விதி சொன்னது.

சுற்றறிக்கை எங்கள் பள்ளிக்கு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆசிரியர் அறையில் வாசித்தார்கள். "இனிமே புள்ளைங்க நம்மள அடிக்கும்" என்றார் மூத்த ஆசிரியர் ஒருவர். அவர் நல்ல ஆசிரியர், காசு வாங்காமல் மாலையில் பாடம் எடுத்தவர். பிரம்பைத் தவிர வேறு எதையும் யாரும் அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. இது அந்தச் சீர்திருத்தத்தின் பெரிய ஓட்டை. கையிலிருந்ததைப் பிடுங்கினார்கள், மாற்றாக எதையும் கொடுக்கவில்லை. அறுபது பிள்ளை வகுப்பில் ஒருவனைத் தனியாக உட்கார வைத்துப் பேச எந்தப் பீரியடில் நேரம்? அடி பல இடங்களில் நாக்குக்கு மாறியது. அப்பன் தொழிலைச் சொல்லித் திட்டுவது, நிறத்தைச் சொல்வது, மதிப்பெண்ணை வாசித்து நிற்க வைப்பது. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் சேர்த்துத் தடை செய்தது. ஆனாலும் 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம், அடியை ஒழிக்கும் வழிகாட்டுதலை ஒழுங்காகச் செயல்படுத்துங்கள் என்று அரசுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

பள்ளியில் பிள்ளைகளுக்கு ஆபத்து அடியோடு முடியவில்லை. 2004 ஜூலை 16 வெள்ளிக்கிழமை. கும்பகோணம் காசிராமன் தெரு. ஒரே கட்டடத்துக்குள் மூன்று பள்ளிகள். சத்துணவுச் சமையலறையில் பற்றிய தீ, பிள்ளைகள் உட்கார்ந்திருந்த மாடியின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. படிக்கட்டு குறுகல். 94 பிள்ளைகள் இறந்தார்கள். நாங்கள் இருந்த ஊரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கும்பகோணம். அன்று மாலை எங்கள் பள்ளிக்குப் பெற்றோர்கள் ஓடி வந்தார்கள். தங்கள் பிள்ளை வேறு ஊரில், வேறு பள்ளியில் பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்தும் வந்து, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

எங்கள் எட்டாம் வகுப்பும் கீற்றுக் கொட்டகையில்தான் நடந்தது. மாநிலம் முழுக்கப் பள்ளிக் கூரைகளிலிருந்து கீற்று இறங்கியபோது எங்களுடையதும் இறங்கியது. மூங்கிலும் கயிறும் தரையில் குவிந்து கிடக்க, பிள்ளைகள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். அதே கொட்டகையை அதற்கு முன் ஆண்டுதோறும் ஆய்வுக்கு வந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். பாடக்குறிப்பேட்டில் தேதி சரியா என்று பார்த்தார்கள். கூரையை நிமிர்ந்து பார்த்தவர் இல்லை. கும்பகோணம் தீயை விசாரித்த சம்பத் ஆணையம், 2009இல் உச்ச நீதிமன்றத்தின் தீப் பாதுகாப்பு உத்தரவு எல்லாம் அதற்குப் பிறகுதான். 2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக ஏழு வயதுச் சிறுமி விழுந்து இறந்த பிறகு, பேருந்துகளுக்கான சிறப்பு விதிகள் வந்தன. அந்த ஓட்டையை அதில் தினமும் போன மற்றப் பிள்ளைகள் பார்க்காமல் இருந்திருப்பார்களா? பார்த்ததை யாரிடம் சொல்வது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்குமா?

எனக்கு இந்த வரலாறு முழுக்க இந்தக் கேள்விதான். சட்டத்துக்கு நம்மிடம் குறைவில்லை. பிள்ளை வந்து சொல்ல ஓர் ஆள் இல்லை.

2012 நவம்பர் 14இல், பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் போக்சோ சட்டம் நடைமுறைக்கு வந்தது. தெரிந்தும் புகார் செய்யாமல் மறைத்தால் அதுவும் குற்றம். நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. 'பள்ளியின் பெயர் கெட்டுவிடும்' என்ற பழைய சாக்குக்குச் சட்டத்தில் இடமில்லாமல் போனது. அதன் 11ஆம் பிரிவை ஆசிரியர்கள் எல்லோரும் ஒருமுறை படிக்க வேண்டும். பாலியல் நோக்கத்தோடு ஒரு பிள்ளையை மின்னணு வழியாக விடாமல் தொடர்புகொள்வதும், உண்மைப் படத்தையோ ஒட்டித் தயாரித்த படத்தையோ வெளியிடுவேன் என்று மிரட்டுவதும் அதில் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை. எங்கள் பிள்ளைகள் கையில் போன் வருமுன்பே எழுதப்பட்ட பிரிவு அது.

போன் வந்தது கொரோனாவோடு. அதற்கு முன்னும் பிரவுசிங் சென்டரில் ஆர்குட் பார்த்த பையன்கள் இருந்தார்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டிக்டாக்குக்கு இடைக்காலத் தடை போட்டு, மூன்று வாரத்தில் விலக்கியது. ஆனால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு வீட்டிலேயே வட்டிக்குக் கடன் வாங்கிப் போன் வாங்கிக் கொடுத்தது 2020இல். பாடத்துக்காக வாங்கியது. வகுப்புக்கு ஒரு வாட்ஸப் குழு. அதைப் பார்த்து, டீச்சர் இல்லாத இன்னொரு குழு. டீச்சர் வெளியே போன வகுப்பறை எப்படி இருக்குமோ, அந்தக் குழு ராத்திரி பதினொரு மணிக்கும் அப்படி இருந்தது. முன்பெல்லாம் மணி அடித்து வீட்டுக்குப் போனால் கிண்டலிலிருந்து மறுநாள் காலை வரை விடுதலை. அது போயிற்று.

அதே போன்தான் 2021 மே மாதம் வேறொன்றையும் செய்தது. சென்னைப் பள்ளிகளின் மாணவியரும் முன்னாள் மாணவியரும் ஆசிரியர்களால் பட்ட துன்பங்களை இன்ஸ்டாகிராமில் எழுதினார்கள். பல ஆண்டு அடக்கி வைத்தவை. கைதுகள் நடந்தன. ஆன்லைன் வகுப்புகளுக்கு அரசு வழிமுறை வெளியிட்டது. வகுப்பைப் பதிவு செய்ய வேண்டும், ஒவ்வொரு பள்ளியிலும் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு வேண்டும் என்றது. நானறிந்தவரை, நம் பள்ளிக்கூட வரலாற்றில் சாவு இல்லாமல், பிள்ளைகள் பேசியதால் வந்த பெரிய விதி இதுதான். அதனால்தான் போனைப் பிடுங்கி உடைக்கச் சொல்லும் பேச்சில் எனக்கு உடன்பாடில்லை.

பள்ளிகள் திரும்பத் திறந்த பிறகு 'மாணவர் மனசு' என்ற பெட்டி வந்தது. எங்கள் பள்ளியில் அதை முதலில் என் அறை வாசலில் மாட்டினார்கள். காலியாகவே இருந்தது. எட்டி நின்று பார்க்கிறார்களே தவிர யாரும் கிட்டே வரவில்லை. குடிதண்ணீர்த் தொட்டி பக்கம், கூட்டம் இருக்கிற இடத்தில் மாற்றினோம். தண்ணீர் குடிக்கிற சாக்கில் சீட்டு விழ ஆரம்பித்தது. கழிவறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, முட்டை சின்னதாக இருக்கிறது, பி.இ.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்கிறார். ஒரு நாள் நான்காக மடித்த கோடு போட்ட தாளில், இடது கையால் எழுதியது போன்ற கோணல் எழுத்தில் ஒரு வரி: ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் பெயர், அவள் 'ஸ்டிக்கரைப் பார்த்து அழுகிறாள்'.

ஆண்டு விழாவில் கரகம் ஆடிய பெண். ஆடும்போது கோணிய முகத்தை யாரோ படமெடுத்து வெட்டி, கீழே ஒரு சொல் எழுதி வாட்ஸப் ஸ்டிக்கராக்கியிருந்தார்கள். அந்தச் சொல் அவள் சாதியைக் குறிக்கும் வசை. அவள் எந்தக் குழுவில் எது பேசினாலும் பதிலுக்கு அது வரும். இருபது பேர் கையில் இருந்தது. நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். தலை நிமிரவில்லை. "அம்மாகிட்ட சொன்னியாம்மா?" என்று கேட்டேன்.

"சொன்னா போன புடுங்கிடுவாங்க மிஸ். அப்புறம் படிக்க வேணாம்னு நிறுத்திடுவாங்க" என்றாள்.

அவள் அம்மாவை வரச் சொன்னேன். நூறு நாள் வேலையிலிருந்து அப்படியே வந்தார். முதலில் மகளைத்தான் பார்த்து, "நீ எதுக்குடி ஆடுன?" என்றார். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துப் பேசினோம். ஸ்டிக்கர் வந்த தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டோம். கோபத்தில் அழித்துவிட்டால் சாட்சி போய்விடும். செய்த பையன்களைக் காலை வழிபாட்டில் ஏற்றி நிற்க வைக்கலாம் என்றார் ஓர் ஆசிரியர். வேண்டாம் என்றேன், அந்தப் பெண்ணையும் சேர்த்துத்தான் மேடையேற்றியதாக ஆகும். பாதுகாப்புக் குழுவைக் கூட்டி, பையன்களின் பெற்றோரை ஒவ்வொருவராக அழைத்து, சட்டம் என்ன சொல்கிறது என்று வாசித்துக் காட்டினோம். ஒரு அப்பா, "விளையாட்டுக்குப் பண்ணது டீச்சர்" என்றார். அந்தச் சொல்லை உங்கள் வாயால் ஒருமுறை வாசியுங்கள் என்றேன். வாசிக்கவில்லை. பிறகு அவரே மகன் போனை வாங்கி அழித்தார். அந்தப் பெண் பள்ளியைவிட்டு நிற்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து இப்போது நர்சிங் படிக்கிறாள். சீட்டு எழுதியது யார் என்று நாங்கள் தேடவில்லை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனையும் தடுக்க வந்த தங்கையையும் அவன் பள்ளி மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். பட்டியல் சாதிப் பையன். முன்னதாகப் பள்ளியில் அவனைத் துன்புறுத்தியிருந்தார்கள். அதை அவன் ஆசிரியர்களிடம் சொன்னதற்குத்தான் அரிவாள் வந்தது. பிள்ளை சொல்லியும் இப்படி ஆகும் என்றால், சொன்ன பிறகு அவனைக் காப்பது பள்ளியின் முதல் வேலை. நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த 610 பக்க அறிக்கை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை எடுக்கவும், கையில் சாதிக் கயிறு கட்டுவதைத் தடுக்கவும் சொன்னது. மன்றோ காலத்துக் கட்டம் கயிறாகிக் கையில் ஏறியிருக்கிறது. அந்த அறிக்கை அலமாரிக்குள் போய்விடக் கூடாது.

பள்ளியில் பிள்ளை படிக்கும் வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். சாப்பாடு, சுற்றுச்சுவர் எல்லாம் பேசிய பிறகு இந்த மூன்றையும் கேளுங்கள். பாதுகாப்புக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள்? மாணவர் மனசுப் பெட்டியைக் கடைசியாக என்றைக்குத் திறந்தீர்கள்? அதில் வந்ததற்கு என்ன செய்தீர்கள்? பதில் வரும்வரை எழுந்திருக்காதீர்கள். வீட்டில் பிள்ளை போனை நீட்டி எதையாவது காட்டினால், அந்த நேரத்தில் போனைப் பிடுங்காதீர்கள், முழுக்கக் கேளுங்கள். 1098 குழந்தைகளுக்கான உதவி எண், 14417 நம் பள்ளிக் கல்வித் துறையின் எண். இரண்டையும் பிள்ளைகளுக்கு மனப்பாடமாக்குங்கள்.